பெட்டியில் மணி வைத்தது அம்மன் இல்லை

ஜொகூர் பாரு தம்போயில் பெரிய சாலையை ஒட்டி மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. கீழே டயர் கடை, நடுவில் வாடகைச் சாமான்கள், மேலே வீடு. அது என்னுடையது. தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் கட்டியது. கடன் கேட்டுப் போனபோது பேங்கில் உட்காரக்கூடச் சொல்லாதவர்கள், பிறகு என் கடைக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். கூடாரம், மடக்கு மேசை, நாற்காலி என்று ஜொகூர் பாருவில் எந்தத் தமிழன் வீட்டு விசேஷமானாலும் என் லோரிதான் முதலில் போய் நிற்கும். பெண்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தேன். சின்னவள் சிங்கப்பூரில் பல் டாக்டர். வேலை கற்றுக் கொடுத்த தவுக்கே, அந்தச் சீன முதலாளி, கடையை மூடிவிட்டு ஓடியபோதும், வெள்ளம் வந்து பாதி டயரை அடித்துக்கொண்டு போனபோதும், முதுகெலும்பு பிசகி ஆறு மாதம் படுத்துக் கிடந்தபோதும் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் நானே.

ஆனால் நான் செய்ததில் பெரியது இதில் எதுவும் இல்லை. அதைப் பத்து வயதில், ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் செய்தேன். அதை மட்டும் வேறு ஆளின் பெயரில் எழுதிவிட்டார்கள். ஆள்கூட இல்லை, சாமியின் பெயரில்.

குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் என்னோடு ஓடித் திரிந்தவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தாச்சு. மீதிப் பேருக்கு முழங்கால் போச்சு, காது போச்சு. எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் உட்கார்ந்துகொண்டு நான்தான் நான்தான் என்று சொல்வது ஒரு பிழைப்பா? ஆனால் போன வாரம் கடைக்கு வந்தவர்கள் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

மாமாவுக்கு நினைவு விழா எடுக்கும் குழு அது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஐம்பது வருடம் இந்த நாட்டுத் தமிழர்களைச் சிரிக்க வைத்தவர். மேடையில் பொம்பளை வேஷம் போடுவார், பாடுவார், கைகளால் நடப்பார், தேங்காயோடு பேசுவார், தேங்காயும் பதில் பேசும். வானொலியில் ஒரே ஆளாக ஒரு குடும்பமே சண்டை போடுவார். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் மாப்பிள்ளை தாலி கட்ட மறந்து சிரிப்பான். போன வருடம் போய்விட்டார்.

குழுவின் செயலாளர் சின்னப் பையன். காதில் கடுக்கன்.

“அங்கிள், கூடாரம் ரெண்டு, நாற்காலி ஐநூறு. பெரிய கலைஞர் லா, பார்த்துச் செய்ங்க.”

“அவரு எங்க மாமாடா தம்பி. எங்கம்மாகூடப் பொறந்தவரு.”

“அலமாக்! சொந்தமா? அப்போ ஃப்ரீயாவே குடுத்துடுங்க அங்கிள்.”

கைப்பேசியில் மேடையின் படத்தைக் காட்டினான். நடுவில் ஒரு கைமணி, ஆள் உயரத்துக்கு. அதன் கீழே, ‘அம்மன் தந்த மணி’.

அந்தக் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். மாமா ஒவ்வொரு மேடையிலும் சொன்னதுதான். சின்ன வயதில் ஒரு தோட்டத்துத் திருவிழாவில் அவர் பேசப் பேச ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். ‘தாயே’ என்று மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தாராம். உள்ளே, அவர் வைக்காத மணி ஒன்று இருந்ததாம். எடுத்து அடித்தாராம். அன்றிலிருந்து ஏறுமுகம்தானாம். எல்லாம் சரி. திருவிழா சரி, பெட்டி சரி, மணியும் சரி. வைத்தது அம்மன் இல்லை.

மாமா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். லயத்தில் ஒரே அறை, ஒரு அடுப்படி. காலையில் பால்மரம் வெட்டப் போவார். பால் உறைய ஊற்றும் திராவகம் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருக்கும். சோற்றைப் பிசையும்போது முகம் கோணும். அந்தக் கோணலையே இழுத்துப் பெரிசாக்கி எங்களைச் சிரிக்க வைப்பார். மத்தியானத்துக்கு மேல் வெளிக்கிணற்றடியில் நின்று துரையின் ஜீப் மேடேறும் சத்தம் போடுவார். நிஜமாகவே துரை வந்துவிட்டார் என்று பெண்கள் சேலையை இழுத்துச் சரிசெய்வார்கள்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது, நினைவிருக்கிறதா? கூத்தானாலும் நாடகமானாலும் முன்வரிசை பெஞ்சில் கணக்கெழுதும் கிராணி ஐயா, பெரிய கங்காணி, மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சிரிக்காமல் பின்னால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். கிராணி ஐயாவோ கணக்குக்கூட்டும் முகத்தோடுதான் தூங்கவே செய்வார். மாமா என்ன சேட்டை செய்தாலும் ஜனங்கள் மேடையைப் பார்ப்பதில்லை, கிராணி ஐயாவின் பிடரியைப் பார்ப்பார்கள். அது அசையாது.

அதை உடைத்தது என் சிரிப்பு. பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவுக்கு லோரி ஏறிப் போயிருந்தோம். அன்றைக்குக் காலையிலிருந்து அம்மா தன் கத்தரிப்பூச் சேலையைத் தேடிக்கொண்டிருந்தது. இருந்த ஒரே நல்ல சேலை. “எவளோ கொடியிலருந்து உருவிக்கிட்டுப் போயிட்டா, அவ கட்டுனா அவ இடுப்பு வெந்து போக” என்று வழியெல்லாம் சாபம். மேடையில் பொம்பளை வேஷத்தில் மாமா வந்தார். கட்டியிருந்தது கத்தரிப்பூச் சேலை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், கோழி கேறுவது மாதிரி, மூச்சு விட்டு விட்டு. சின்னப் பையன் சிரித்தால் யார் கேட்பது? என் பக்கத்தில் இருந்தவன் சிரித்தான், அவன் அம்மா சிரித்தாள், களமே சிரித்தது. அந்தத் தோட்டத்துக் கிராணிகூடத் திரும்பிப் பார்த்துவிட்டு மீசைக்குள் ஏதோ செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவை விளக்குமாற்றால் வெளுத்தது. “இனிமே வீட்டுச் சாமான்ல கை வைக்க மாட்டேன்னு சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ணுடா!” மாமா அடித்தார். அடித்துவிட்டு வெளியே வந்து என் தோளில் கை போட்டார்.

“மாப்ளே, நீ இனிமே என்கூட வரணும். ஒன் சிரிப்பு இல்லன்னா நான் ஆள் இல்ல.”

“சேலையத்தான் திருப்பிக் குடுத்துட்டீங்களே மாமா. எதப் பாத்துச் சிரிக்கிறது?”

“அத நீ பாத்துக்கிட்டே இரு.”

அந்தத் திருவிழாக் காலம் முழுக்க அப்படித்தான் ஓடியது. தோட்டம் தோட்டமாகப் போனோம். வீட்டிலிருந்து ஏதாவது ஒரு சாமான் காணாமல் போகும். எது என்று எனக்குத் தெரியாது. அது மேடையில் வந்து நிற்கும்போதுதான் தெரியும். அப்பாவின் குளிர்த்தொப்பி ஒரு குழந்தைக்குத் தொட்டிலாகும். மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் துரையின் மூக்காகும். அக்காவின் ஒற்றைக் கால் சப்பாத்து டெலிபோனாகும், அதில் கிராணியின் பெண்டாட்டி பேசுவாள். எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் திரிவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு பொங்கும். ஜனங்கள் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொள்வார்கள். இதுதான் தொழில். எந்தக் கலைப் பள்ளியில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அடி வாங்கியதும் நான்தான். மாமா சத்தியம் செய்துவிட்டாரே, அவர் எடுக்க மாட்டார் என்று அம்மா நம்பியது. பழைய சாமானுக்கு ஐஸ் கொடுக்கிறவன் சைக்கிளில் வருவான் அல்லவா? நான்தான் புனலையும் சப்பாத்தையும் அவனிடம் போட்டு ஐஸ் தின்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டது. நாக்கை நீட்டச் சொல்லிச் சிவப்புச் சாயம் இருக்கிறதா என்று பார்க்கும். சாயம் இருக்காது. “கழுவிட்டியா?” என்று அதற்கும் ஒரு அடி.

போகப் போக எனக்குச் சிரிப்பு வற்றிவிட்டது. ஒரே சிரிப்பை எத்தனை தோட்டத்தில் சிரிப்பது? வரவழைத்துச் சிரித்தால் ஜனங்களுக்குத் தெரிந்துவிடும். மாமாவுக்கும் தெரிந்தது.

“என்னா மாப்ளே, பல்லே தெரிய மாட்டேங்குது?”

“வீட்ல சாமானே மிச்சம் இல்ல மாமா. எல்லாம் பாத்ததுதான்.”

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசித் திருவிழா எங்கள் தோட்டத்தினுடையது. அதற்குச் சிங்கப்பூரிலிருந்து நாடகக் குழுக்காரர் ஒருவர் காரில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆள் பிடித்திருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவாராம். கிராணி ஐயா வேறு, ஆட்டம் போடுகிறவனுக்கு அடுத்த மாதம் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். சப்பாத்து டெலிபோன் அவர் காதுக்குப் போயிருந்தது. அன்றைக்குக் களம் சிரித்தால் மாமாவுக்கு வாழ்வு. சிரிக்காவிட்டால் குழுவும் இல்லை, லயமும் இல்லை.

வீட்டில் மாமா தொடாத சாமான் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அப்பாவின் மணி.

அப்பா தோட்டத்துக்கு ஜாகா, காவல்காரர். விடிவதற்கு முன் கைமணியை ஆட்டிக்கொண்டு லயம் லயமாக நடப்பார். அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் எழுந்து பெரட்டுக் களத்துக்கு ஓடிப் பெயர் கொடுப்பார்கள். மணியின் நாக்கு எப்போதோ விழுந்துபோய், அப்பா அதில் ஒரு லோரி போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். அதனால் கோயில் மணி மாதிரி இனிமையாக இருக்காது. ‘டணக், டணக்’ என்று மண்டை ஓட்டைத் தட்டுவது போல இருக்கும். வீட்டில் அம்மன் படத்துக்குப் பக்கத்து ஆணியில், போல்ட்டில் துணி சுற்றித் தொங்கும். எங்களை விரல் வைக்க விட மாட்டார். அப்பா வாழ்க்கையில் பெருமைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். துரையே தன் மணிக்கு எழுந்திருக்கிறார் என்பார்.

எங்கள் தோட்டத்தில் நாடகம் மத்தியானத்தில்தான். மறுநாள் பெரட்டுக்கு ஆள் குறையக்கூடாது என்று துரையின் உத்தரவு. ஜனங்கள் பந்தியில் உட்கார்ந்து சோறும் சாம்பாரும் பூசணிக்காய்க் கூட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் வீட்டுக்கு ஓடினேன். ஸ்டூல் போட்டு ஏறினேன். மணியை எடுத்துத் துணியை அவிழ்த்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். போல்ட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடி கோயில் பின்பக்கம் போய், மாமாவின் தகரப் பெட்டியில் துணிமணிக்கு நடுவே மணியைக் கவிழ்த்து வைத்தேன். ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. மாமாவுக்கும் தெரியாது. இத்தனை நாள் அவர் எனக்குக் காட்டினார், இன்றைக்கு நான் அவருக்குக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோது பழைய சிரிப்பு கொஞ்சம் ஊறியது.

பந்தி முடிந்தது. களத்தில் தார்ப்பாய்க்குக் கீழே வயிறு நிறைந்த ஜனம். வெயில். மாமா வந்து ஜீப் சத்தம் போட்டார், தேங்காயோடு பேசினார், பாடினார். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். முன்வரிசையில் கிராணி ஐயா தலை மார்பில் சாய்ந்திருந்தது. குழுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமாவின் முகத்துப் பவுடர் வேர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கியது. என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினார். கையில் எதுவோ தட்டுப்பட்டது. இழுத்தார்.

டணக்.

களமே எழுந்து நின்றது.

தூக்கத்தில் இருந்தவர்கள் தூக்கத்திலேயே எழுந்தார்கள். பெண்கள் குனிந்து வாளியைத் தேடினார்கள். ஒருத்தர் தலையில் துண்டு கட்டினார். “வந்துட்டேங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாவற்றுக்கும் மேலே, கிராணி ஐயா துள்ளி எழுந்து, சட்டைப் பையில் பேனாவைத் தடவிக்கொண்டே, “ம், பேர் குடு, பேர் குடு” என்றார்.

மாமா மணியைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில்தான் அவர் கலைஞர் ஆனார், அதை நான் மறுக்கவில்லை.

“உக்காருங்க, உக்காருங்க! இன்னும் விடியல. இது பெரட்டு இல்ல, நாடகம். கிராணி ஐயா, நீங்களுமா? நீங்க எந்த மரத்துக்குப் போறீங்க, சொல்லுங்க, பேர் எழுதிக்கிறேன்!”

அப்புறம் கேட்டீர்களே ஒரு சிரிப்பு! பிடரியைப் பார்க்காத சிரிப்பு. ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டி, தங்களையே சுட்டிக்காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மாமா மறுபடி ஒரு தடவை அடித்தார். தெரிந்தே பாதிப் பேர் மறுபடி எழுந்தார்கள். குழுக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். நீங்கள் அங்கே இருந்தீர்கள். உங்கள் முழங்கால் அன்றைக்கு எழுந்தது.

நான் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துவிட்டேன். கடைசியில் தூணோரம் நின்றிருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும் கிராணி ஐயா அப்பாவைக் கூப்பிட்டு நிற்க வைத்துத் திட்டினார். அதற்குள் மாமாவையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்க் கார் செம்மண் தூசியில் போய்விட்டது. மணியும் பெட்டியோடு போனது.

மறுநாள் அப்பா பால் வாளியைக் குச்சியால் தட்டிக்கொண்டு லயமெல்லாம் நடந்தார். யாரும் எழவில்லை. அவர்கள் காது வேறு சத்தத்துக்குக் காத்திருந்தது. வெறும் களத்தில் துரை ஒற்றை ஆளாக நின்றாராம். அதோடு அப்பாவின் வேலை போயிற்று. வேலை போனால் லயமும் போகும். கிராணி சிரிப்புக்கு வட்டி வாங்கிவிட்டார்.

“திருட்டு நாயி. சோறு போட்ட வீட்லயே கை வெச்சிட்டான்” என்றார் அப்பா.

நான் அப்போதே சொன்னேன். மறைக்கவில்லை. “மாமா எடுக்கலப்பா. நான்தான் பெட்டியில வெச்சேன். இதோ பாருங்க, மணியில சுத்துன துணி.”

அப்பா துணியை வாங்கிப் பார்த்தார். “மாமனுக்குப் பரிஞ்சு பொய்யா பேசற? இதையும் அவன்தான் ஒன் பையில திணிச்சிருப்பான்.” அம்மாவும் அதையேதான் சொன்னது. ஐஸ் தின்றதாக ஆயிரம் தடவை நம்பியவர்கள், நிஜத்தை ஒரு தடவை நம்பவில்லை. அந்தத் துணியை அம்மா அடுப்புத் துணி ஆக்கிவிட்டது.

தம்போய்க்கு வந்தோம். பள்ளிக்கூடம் அதோடு சரி. தவுக்கே கடையில் டியூப்புக்கு ஒட்டுப் போட்டேன். அப்பா செங்கல் சூளையில் மூட்டை தூக்கினார். மாமா பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது. அவர் குரல் வானொலியில் வந்தால் அப்பா பெட்டியை அணைத்துவிடுவார். அம்மா பக்கத்து வீட்டு அடுப்படிக்குப் போய் நின்று கேட்கும். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரிக்கும், அழும்.

ஒரு தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு வானொலி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். டணக் என்றது. அப்பா எழுந்தார். செருப்பில் காலை நுழைத்தார். வலது கை தானாக முன்னால் வந்து எதையோ பிடித்தது. மாமாவின் பேச்சு முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். முடிந்ததும் உட்கார்ந்தார்.

“போல்ட்டு தேஞ்சிருச்சு. மாத்தச் சொல்லணும்” என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. அதன் பிறகும் மாமா பெயரை எடுக்காமலேதான் செத்தார்.

மாமாவை நான் சந்தித்தது ஆயர் ஈத்தாமில். கல்யாணத்துக்கு அடுக்கிவைக்கப் பூந்தொட்டி வாங்க லோரியோடு போயிருந்தேன். பானைக் கடைக்கு முன்னால் குழு வேன் நின்றது. தலைச்சாயம் வேர்வையில் வழிய, மாமா ஒரு மண்யானையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கிழவர் ஆகிவிட்டார்.

“மாப்ளே! ஒன் வயித்தப் பாத்தா நீதான் துரை மாதிரி இருக்க.”

நான் சுற்றி வளைக்கவில்லை. “அம்மன் வெச்சதுன்னு எல்லா மேடையிலயும் சொல்றீங்களே மாமா. வெச்சது நான்.”

“தெரியும்டா. அந்த லயத்துல அம்மனுக்கு ஸ்டூல் ஏது?” குரல் இறங்கியது. “ஒன் பேரச் சொல்லலாம். ஒங்கப்பன் காதுல விழுமேடா. மவனே வயித்துல மண்ணப் போட்டான்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்குவாரா? நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்.”

“அவருகிட்ட மறுநாளே சொல்லிட்டேன் மாமா. அவருதான் நம்பல.”

மாமா மண்யானையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரச் சீனர் பதறி ஓடிவந்தார்.

“அலமாக். அப்போ இத்தன வருசமும் நான் சும்மாவாடா அம்மன் பேரச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்?”

இரண்டு பேரும் சிரித்திருக்க வேண்டும். வரவில்லை. தேத்தண்ணி குடித்தோம். அடுத்த மேடையில் உன் பெயரைச் சொல்கிறேன் என்றார்.

அடுத்த மேடை குளுவாங்கில். முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தேன். கதை அந்த இடத்துக்கு வந்தது. பெட்டியைத் திறந்தேன், உள்ளே மணி இருந்தது என்றார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் மண்டபம் முழுக்கக் கைகள் தலைக்கு மேலே போய்விட்டன. எல்லாருக்கும் தெரிந்த கதை, அடுத்து யார் வருவார் என்று கும்பிடத் தயாராகிவிட்டார்கள். மாமா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு, “அம்மா வெச்சா” என்றார். இறங்கி வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து நேரத்தோடு படுத்துவிட்டேன்.

இப்போது செயலாளர் தம்பி, பேனரை அச்சடித்தாச்சு அங்கிள், மாத்த முடியாது என்கிறான். மாற்ற வேண்டாம். கூடாரம் தருகிறேன், நாற்காலியும் தருகிறேன், தொழிலில் சண்டை வைத்துக்கொள்பவன் நான் இல்லை. அவன் கொண்டுவந்த நிஜ மணியையும் பார்த்தேன். போல்ட் மாற்றியிருக்கிறார்கள். கம்பி அப்பா சுற்றியதுதான், வலக்கையில் மணியைப் பிடித்து இடக்கையால் சுற்றிய சுற்று.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மணியை மேடையில் வைக்கும்போது செயலாளர் தம்பி ஒலிபெருக்கியில் இதைச் சொல்லட்டும். அன்றைக்குக் களத்தில் எழுந்து நின்றவர்கள் யாராவது உயிரோடு இருந்தால், ஆமாம் என்று நீங்களும் சத்தமாகச் சொல்லுங்கள். பெயர்கூட வேண்டாம், உறவைச் சொன்னால் போதும். மணி தோட்டத்து ஜாகாவுடையது. ஜனங்களின் காலை அந்தச் சத்தத்துக்குப் பழக்கியது அவர். அதைப் பெட்டியில் வைத்தது அவர் மகன். எடுத்து அடித்தது அவர் மச்சினன். அம்மனையும் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வரிசையில் எனக்கு அப்புறம்.